வீட்டில் சௌக்கியமா?

தமிழன் தன் மனைவியைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுப்பார் எவரேனும் இருப்பாராயின், அத்தொகுப்பு ஒரு சிறு நிகண்டாகவே அமைந்துவிடும். மனைவி, இல்லாள், இல்லக்கிழத்தி, வீட்டுக்காரி, அகமுடையாள், அதன் திரிபாகிய ஆம்படையாள், ஆத்துக்காரி என்று நீளும் அவ்வரிசையைச் சற்றே உற்று நோக்குக. மனை என்பதும் வீடு. இல் என்பதும் வீடு. அகம் என்பதும் வீடே. பெண்ணைச் சுட்ட வந்த சொற்களிலெல்லாம் கட்டடம் முன்னே நிற்கிறது; பெண் விகுதியாக வாயிலோரம் ஒதுங்கி நிற்கிறாள். பேச்சு வழக்கிலோ அவ்விகுதியும் உதிர்ந்துபோயிற்று. "வீட்டில் சௌக்கியமா?" என்று நண்பர் வினவினால், சுவரும் கூரையும் நலமா என்று அவர் கேட்கவில்லை என்பது நமக்குத் தெரியும். "வீட்டில் ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்று நாமும் விடையிறுக்கிறோம். வீடு எவ்வாறு ஊருக்குப் போகும் என்று இதுகாறும் ஒருவரும் ஐயுற்றதில்லை.

இவ்வூருக்கு வந்த புதிதில் இச்சொற்களால் விளையும் இடர்கள் வேறு. தமிழ்நாட்டில் 'சம்சாரம்' என்றால் மனைவி. மலையாளத்தில் 'சம்சாரம்' என்றால் பேச்சு. "சம்சாரம் ஊரில் இருக்கிறது, அடுத்த மாதம் அழைத்துவர வேண்டும்" என்று நாம் பணியேற்ற முதல் வாரத்தில் உடன் பணிபுரியும் மலையாள அன்பரிடம் கூறினோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு பேசுகிற மனிதன் தன் பேச்சை ஊரில் விட்டு வந்ததாகக் கூறுகிறானே என்று அவர் எண்ணியிருக்கக் கூடும்.

கழக்கூட்டத்தில் வாழ்வோர்க்குப் பெயருக்குப் பதில் வீட்டைச் சொல்லும் வழக்கம் அயலானதன்று. வேணாட்டு வரலாற்றில் இடம்பெறும் எட்டு வீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்ம மன்னரை எதிர்த்து நின்று அழிந்த அவ்வெண்மரையும் மக்கள் இன்றும் ஊர்ப்பெயராலும் வீட்டுப்பெயராலுமே நினைவுகொள்கின்றனர். ஆனால் அவர்கள் ஆண்கள். ஊரும் வீடும் அவர்களுக்கு உடைமை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு.

இப்பொருளைப் பற்றி எழுதத் தூண்டியவர் நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர். தம் பெயரைக் குறிக்க வேண்டா என்று அவர் பணித்தமையால், பெயர்களைப் பற்றிய இக்கட்டுரையில் அவரைப் 'பெரியவர்' என்றே குறிக்க நேர்கிறது. குமரி மாவட்டத்தில் பிறந்தவர். அவர் மனைவியார் செவிலியராக இலண்டன் மாநகருக்குச் சென்றார். ஓராண்டு கழித்துக் கணவராக இவர் சென்றார். ஆண்டு 1974. அங்கே இவருக்கு இரயில் நிலையமொன்றின் பயணச்சீட்டுச் சாளரத்தில் வேலை கிடைத்தது. நமக்கும் அவருக்கும் நட்பு முளைத்ததற்கு அச்சாளரமே காரணம். நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தபின், டெக்னோபார்க்கில் பணிபுரியும் மகளுடன் இருக்கும் பொருட்டு இருவரும் கழக்கூட்டத்துக்கு வந்து சேர்ந்தனர்.

அக்காலத்து இங்கிலாந்தில் மூன்றே தொலைக்காட்சி அலைவரிசைகள். நான்காவது, 1982 நவம்பரில்தான் தொடங்கிற்று. அம்மையாருக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் இரவுப்பணி. மாலை ஆறு மணிக்கு அவர் கம்பளிச் சட்டை அணிந்து புறப்பட்டால், பெரியவர் குழந்தைக்குச் சோறூட்டி உறங்கவைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்வார். ஆங்கிலம் பழகுவதற்கு அதைக் காட்டிலும் நல்லாசிரியர் கிடைக்கவில்லை என்பார். அந்நாளில் பார்த்த தொடர்களையே இன்றும் மருமகனார் வாங்கித் தந்த கையகலத் திரையில் மீண்டும் மீண்டும் பார்க்கிறார். "இப்போது வரும் தொடர்களில் எல்லாரும் அழகாக இருக்கிறார்கள் தம்பி. எங்கள் காலத்தில் நடித்தவர்கள் வழுக்கையும் தொந்தியுமாக எங்களைப் போலவே இருந்தார்கள்" என்பது அவர் தரும் காரணம்.

அத்தொடர்களுள் 'மைண்டர்' என்பது ஒன்று. 1979 முதல் 1994 வரை ஒளிபரப்பாயிற்று. ஆர்தர் டேலி என்னும் குறுக்குவழி வணிகன் அதில் முதன்மையானவன். ஜார்ஜ் கோல் என்பார் நடித்தார். இவ்வணிகன் தன் மனைவியை ஒருபோதும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. 'எர் இன்டோர்ஸ்' என்பான். அஃதாவது, 'உள்ளே இருக்கிறவள்'. அத்தனை ஆண்டுகளிலும் அப்பெண்மணி ஒருமுறையேனும் திரையில் தோன்றவில்லை. அவளுடைய சினமும் சிக்கனமும் கட்டளைகளும் மட்டும் கணவன் வாயிலாக வெளிவந்துகொண்டே இருந்தன. பிற்பாடு இச்சொல் நாடகத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்கும் மதுக்கடைக்கும் சென்று, ஆங்கிலேயர் பலரும் தத்தம் மனைவியரை அவ்வாறே குறிக்கலாயினர்.

முதன்முதல் இதைக் கேட்ட இரவு பெரியவர் தனியே உரக்கச் சிரித்தாராம். "நம்மூர் மாமன்மார் 'வீட்டில்' என்று சொல்கிறார்களே, அதையல்லவா இவன் ஆங்கிலத்தில் சொல்கிறான்!" இதில் அவர் கண்ட வேடிக்கை மற்றொன்று. உள்ளே இருக்கிறவள் என்ற சொல்லைக் கேட்ட அவ்வேளையில், அவ்வீட்டில் உள்ளே இருந்தவர் அவர். உரிய அம்மையாரோ பனியில் பேருந்து பிடித்துப் போய், முப்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாட் காலையில் அவர் களைத்துத் திரும்பியதும், "வா, எர் இன்டோர்ஸ்" என்று பெரியவர் கதவைத் திறந்தார். அன்று ஒட்டிய பெயர் பின்னர் உதிரவே இல்லை. கழக்கூட்டத்து வீட்டிலும் அப்பெயராலேயே அவர் அழைத்ததை நாம் பன்முறை கேட்டதுண்டு. அம்மையாரும் அதற்குக் குரல் கொடுப்பார். "உள்ளே இருக்கிறவள் அடுப்பில் கைவேலையாக இருக்கிறாள், வெளியே இருக்கிறவர் தேங்காயை உடைத்துத் தந்தால் நலம்" என்பார்.

திரையில் தோன்றாத மனைவியர் ஆங்கிலத் தொடர்களில் வேறு பலரும் உண்டு. 1968 முதல் 1977 வரை நடந்த 'டாட்ஸ் ஆர்மி'யில், ஊர்க்காவற்படைத் தலைவராகிய மேன்வாரிங்கின் மனைவி எலிசபெத்தும் அத்தகையவளே. இட்லரை எதிர்க்கத் துணிந்த அத்தலைவர் தொலைபேசியில் அவள் குரல் கேட்டால் நடுங்குவார். 'ரம்போல் ஆஃப் தி பெய்லி' என்பதில் வரும் முதிய வழக்கறிஞர் தம் மனைவி ஹில்டாவைத் தமக்குள் குறிக்கும் பெயர், 'கீழ்ப்படிந்தே தீரவேண்டிய அவள்' என்பது. அது 1887-இல் ரைடர் ஹாகார்ட் எழுதிய நாவலில் வரும் ஒரு பேரரசியின் பட்டம். வழக்கறிஞர் அதைக் களவாடித் தம் அடுக்களையரசிக்குச் சூட்டினார். 1975-லும் 1979-லுமாகப் பன்னிரண்டே பகுதிகள் வெளிவந்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் விடுதிக்காரனோ, தன் மனைவியை மனிதரைப் புசிக்கும் பிரான்ஹா மீனென்றும் பாம்புப் புற்றென்றும் செல்லமாக அழைப்பவன். இவ்வகைச் செல்லம் நமக்கு உவப்பானதன்று. பெரியவருக்கும் அப்படியே, அத்தொடரில் அவர் சிரிப்பது விடுதியின் குழப்பங்களுக்காக மட்டுமே.

'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்பதையும் கூற வேண்டும். 1977-இல் தொடங்கியது, பன்னாட்டுக் குடியேறியவர்கள் இலண்டன் இரவுப்பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்கும் கதை. நம் நாட்டில் 1993-இல் அது இந்தியில் 'ஜபான் சம்பால்கே' என்று மறுவடிவம் பெற்றது. குடியேறியவரைக் கோமாளியாக்குவதாக அதன்மேல் குறைகூறியோர் பலர். அது பொய்யன்று. ஆயினும் தாமே அத்தகைய வகுப்பொன்றில் அமர்ந்திருந்த பெரியவர், "எங்களைத் தொலைக்காட்சியில் கோமாளியாகவாவது காட்டினார்களே என்று அப்போது இருந்தது" என்றார்.

கணவரை அழைப்பதில் பெண்கள் படும் பாட்டுக்கு ஆங்கிலத்தில் இணையில்லை. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கையால், ஏங்க, ஏன்னா, இங்கே பாருங்கள், குழந்தையின் அப்பா என்று எத்தனை சுற்றுவழிகள்! யாழ்ப்பாணத்தார் 'இஞ்சாருங்கோ' என்பர். முறைமாப்பிள்ளையை மணந்தவளுக்கு அத்தான், மச்சான், மாமா என்று உறவுச்சொல் கைகொடுக்கும். கேரளத்திலோ மனைவி கணவனைச் 'சேட்டா' என்கிறாள். அண்ணன் என்பது அதன் பொருள். திருவனந்தபுரத்துப் பக்கத்தில் சில வீடுகளில் 'அண்ணா' என்றே நேரிடையாக அழைக்கக் கேட்டோம். நமது அன்னையார் முதன்முறை இங்கு வந்தபோது, அயல்வீட்டுப் பெண் தன் கணவனை அவ்வாறு அழைத்ததைக் கேட்டு, அண்ணனும் தங்கையும் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று இரண்டு நாள் வியந்து பாராட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் உண்மை தெரிந்தபின் வியப்பு வேறு வகையாயிற்று.

பெரியவரின் அம்மையார் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி, கணவரை நோக்கி எதைக் கூறுமுன்னும் 'கேட்டேளா' என்பார். இலண்டனில் மழலையர் பள்ளி ஆசிரியை, "உன் தந்தையின் பெயர் என்ன?" என்று வினவியபோது மூன்று வயது மகள் சற்றும் தயங்காமல் "கேட்டேளா" என்று கூறிவிட்டாள். ஆசிரியையும் அவ்வாறே ஏட்டில் குறித்துக்கொண்டார். ஓராண்டுக்காலம் பள்ளியிலிருந்து 'திரு. கேட்டேளா' என்ற முகவரிக்கே மடல்கள் வந்தனவாம்.

நமது முன்பதிவுச் சாளரத்தில் இவ்வழக்கங்களை நாள்தோறும் காண்கிறோம். படிவமொன்றில் அறுவர்க்கு இடமுண்டு. ஒவ்வொருவரின் பெயரும் பாலும் வயதும் எழுதியாக வேண்டும். கண்ணாடி மறந்து வந்தோர்க்கு நாமே கேட்டு எழுதுவதுண்டு. மூதாட்டியரிடம் கணவர் பெயரைக் கேட்டால் பேத்தியின் முகத்தைப் பார்ப்பர். பேத்தி இல்லையெனில் குறிப்புகள் வரும்: பழநியில் இருக்கும் சாமி, அதிலும் கையில் வைத்திருப்பது. வேலாயுதமா என்று நாம் கேட்க, அவர் நாணித் தலையசைப்பார். அவருக்குப் பின் வரிசையில் நிற்போர்க்கு இரயில் பற்றிய கவலை. நாமோ அவசரப்படுத்துவதில்லை, இத்தகைய புதிர்களை இன்னும் எத்தனை ஆண்டுகள் கேட்கப்போகிறோம்! ஆடவர் நிலை வேறு. "மனைவி பெயர்?" என்றதும் ஒரு நொடி விழிப்பாரைப் பலமுறை கண்டிருக்கிறோம். மறதியன்று, அச்சொல் நாவுக்கு வந்து நெடுநாளாயிற்று, அவ்வளவே. டெக்னோபார்க் இளைஞர்க்கு இத்தொல்லை இல்லை. அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவள் அவனை 'டா' என்கிறாள். முதியோர் சிலர் முகஞ்சுளிப்பர். நம் செவிக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை.

பெயரை மறைப்பது தமிழுக்குப் புதிதன்று என்பதையும் நினைவுகூரலாம். அகத்திணையில் காதலரை இயற்பெயர் சுட்டிப் பாடலாகாது என்பது தொல்காப்பிய நெறி. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் முன்பின் அறியாத இருவர் நெஞ்சு கலந்ததைப் பாடிய புலவரின் பெயரும் காலத்தில் மறைந்தது. அவர் பாட்டில் ஆண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கிறோம். எனினும் செல்லப்பெயர் சூட்டுவதில் நம் முன்னோர் ஆங்கிலேயர்க்கு இளைத்தவரல்லர். சேர நாட்டு இளங்கோவடிகளின் கோவலன் மணமான புதிதில் கண்ணகியைப் பொன் என்றும் முத்து என்றும் கரும்பு என்றும் தேன் என்றும் அழைக்கிறான். ஆங்கிலேயன் மனைவியைத் 'தேனே' என்று அழைப்பது கண்டு வியப்போர் சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்க்க. இத்தனை அடுக்கியவன் பின்னர் என்ன செய்தான் என்பதும் அந்நூலிலேயே இருக்கிறது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அம்மையார் காலமானார். நமது இதழில் இரங்கற் குறிப்பு வெளியிட வேண்டும் என்று செயற்குழு முடிவுசெய்து, எழுதும் பொறுப்பை நம்மிடம் தந்தது. எழுத அமர்ந்தால், 'திருமதி' என்பதற்குப் பின் என்ன எழுதுவது? சங்கத்தின் பதிவேட்டில் பெரியவரின் பெயருக்கு எதிரே 'மனைவியும்' என்றிருந்தது. குழுவினர் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு அவர் அம்மா, மாமி, பெரியவர் வீட்டில், இலண்டன் அக்கா.

பெரியவரிடமே சென்று கேட்டோம். திரை அணைந்து கிடந்தது. அவர் பெயரைச் சொன்னார். நான்கு அசை கொண்ட நெடும்பெயர், பாட்டியின் பெயராம். சொல்லிவிட்டு, அடுத்த அறையிலிருந்து யாரேனும் வருவார்களோ என்பதுபோல் கதவை நோக்கினார். பிறகு நெடுநேரம் பேசினார். மருத்துவமனையில் அப்பெயர் வாயில் நுழையாதென்று முதல் அசையை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். மார்பில் அணியும் அட்டையிலும் அவ்வளவே இருந்ததாம். "முழுப்பெயரும் சொல்லி அவளைக் கூப்பிட்டவர் அவளுடைய அம்மா ஒருவர்தான் தம்பி. வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார். அவர் 1998-இல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வைத்த பெயர் வேடிக்கையாகத்தான் இருந்தது; அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் ஒரு பெயர் சும்மா கிடந்திருக்கிறதே!"

சொந்த ஊரில் இருப்பவளுக்கு இவ்விழப்பு எளிதில் நேர்வதில்லை. தாய் போனால் சித்தி இருப்பாள்; சித்தி போனால் உடன் படித்தவள் கோயில் வாசலில் பெயரைக் கூவி நிறுத்துவாள். பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்த குடும்பத்தில் கணவனுக்கு அலுவலகத்தில் பெயருண்டு. சம்பளப் பட்டியலிலும் வருகைப் பதிவேட்டிலும் உண்டு. மனைவிக்கு? நமது மனைவியாரை மீன்காரர் அக்கா என்பார். அயலார் சேச்சி என்பர். மகனின் பள்ளியில் மகன் பெயரோடு அம்மா சேர்ந்துகொள்ளும். நாம் 'இந்தா' என்போம். நாகர்கோவிலிலிருந்து மாமியார் மாலைதோறும் அழைக்கையில் கைப்பேசியிலிருந்து மட்டும் அவருடைய பெயர் இவ்வீட்டில் ஒலிக்கிறது. மாமியாருக்கு அகவை எழுபத்திரண்டு.

பெயர் வழங்காமையால் வெறும் மனக்குறை மட்டுமே விளையும் என்று எண்ணற்க. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதியபோது, வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரை அயலாரிடம் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டனர். முறையான பெயரில்லாத பதிவு செல்லாதென்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவு செய்தார். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளருள் 28 லட்சம் பேரின் பதிவுகள் அவ்வாறு நீக்கப்பட்டன. அக்காலத்தில் அதைக் கடுமை என்றோர் இருந்தனர். அடுத்த தேர்தலுக்குள் அவர்களுட் பலர் பெயர் கொடுத்துச் சேர்ந்தனர் என்பதே அதன் பயன்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது சங்கத்தின் உறுப்பினர் முகவரிப் பட்டியல் வரும் தைத் திங்களில் புதிதாக அச்சாக இருக்கிறது. இதுவரை குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழே 'மனைவி, மக்கள் இருவர்' என்றே அச்சிட்டு வந்தோம். இம்முறை இல்லத்தரசியரின் இயற்பெயரைத் தனி வரியில் வெளியிடச் செயற்குழு இசைந்துள்ளது. இவ்விதழுடன் இணைத்துள்ள தாளில், கணவர் அல்லர், அவரவரே தம் கையால் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். குறுக்கெழுத்தும் தலைப்பெழுத்தும் வேண்டா, முழுப்பெயராக இருக்கட்டும். செல்லப்பெயர்களைக் கேட்கவில்லை; அவை அவரவர் வீட்டிலேயே இருக்கலாம்.

இதுகாறும் பதினொரு தாள்கள் வந்துள்ளன. முதல் தாள் பெரியவருடையது. அம்மையார் மறைந்துவிட்டமையால் பட்டியலில் இடம்பெறுமா என்ற வினாவோடு பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். இடம்பெறும் என்று செயலாளர் விடையெழுதிவிட்டார். நமது வீட்டுத் தாளை நமது மனைவியாரே நேற்றிரவு நிரப்பினார். தம் பெயரை அழகாக, சற்றே பெரிதாக எழுதினார். அடுத்த வரி, கணவர் பெயர். எழுதுகோலைச் சற்று நேரம் பிடித்திருந்தார். பின்னர் மகனைக் கூப்பிட்டு, "நீ எழுது" என்று அவனிடம் தந்துவிட்டுப் பால் காய்ச்சச் சென்றார்.